விழுங்கிக்கொண்டே இருந்த குழந்தை

தொண்டைச் சதை அறுவைக்காகத் தம் பிள்ளைகளை அழைத்து வந்த தாய்மார் அனைவரும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே. "இரத்தம் ரொம்பப் போகுமா, ஐயா?" வலிக்குமா என்று கேட்டவர்கள் குறைவு. எவ்வளவு செலவாகும் என்று கேட்டவர்களும் அதை இரண்டாவதாகத்தான் கேட்டார்கள். காது, மூக்கு, தொண்டை மருத்துவனாக முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற பிறகு திரும்பிப் பார்க்கையில், என் காதில் விழுந்த கேள்விகளுள் மிகச் சரியானது அதுவே என்று தோன்றுகிறது. ஆயினும் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் அதைப் படிப்பறிவில்லாதவர்களின் அச்சம் என்றே எண்ணினேன். "ஒண்ணும் ஆகாதும்மா, ஒரு கரண்டி இரத்தம்கூடப் போகாது" என்று சிரித்தபடியே சொல்லிவிட்டு, கையொப்பத்துக்குத் தாளை நீட்டுவேன். அந்தச் சிரிப்பு என்னை விட்டு அகன்ற ஓர் இரவைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

டான்சில் என்று வழக்கில் நாம் சொல்லும் தொண்டைச் சதை, அடிநாக்கின் இருபுறமும், முன்னொன்றும் பின்னொன்றுமாக அமைந்த தசைத் தூண்களுக்கு நடுவே பதிந்திருக்கும் சிறிய உறுப்பு. வடிவில் பாதாம் பருப்பைப் போன்றது. இத்துணைச் சிறிய உறுப்புக்கு இயற்கை இரத்தத்தை வாரி வழங்கியிருக்கிறது. முகத்துக்குப் போகும் தமனி, நாவுக்குப் போகும் தமனி, தொண்டைச் சுவரில் ஏறும் தமனி, அண்ணத்திலிருந்து இறங்கும் தமனி என ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு கிளையை அனுப்புகிறது. அவற்றுள் முதன்மையானது முகத் தமனியிலிருந்து பிரிந்து, சதையின் கீழ்முனை வழியாக உள்ளே நுழைகிறது. போதாக்குறைக்கு, மேலண்ணத்திலிருந்து இறங்கிச் சதையின் வெளிப்புறத்தை ஒட்டிச் செல்லும் சிரை ஒன்றும் உண்டு. அறுவையின்போது தமனிகளைவிட இந்தச் சிரையே எங்களைப் பலமுறை திணறடித்திருக்கிறது. இவற்றுக்கெல்லாம் பின்னால், வளர்ந்தவர்களில் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் தொலைவில், மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருந்தமனி துடித்துக்கொண்டிருக்கிறது. குழந்தைகளில் அத்தொலைவு இன்னும் குறைவு. இரத்தத்தை நிறுத்தும் அவசரத்தில் ஊசியை ஆழமாகச் செலுத்துவது எத்தகைய பேதைமை என்பதை இந்தக் கணக்கே உணர்த்தும்.

கையில் காயம் பட்டால் சுற்றிக் கட்டலாம். தொண்டைக்குள் கட்டுப் போட இயலாது. உணவு செல்லும் வழியும் மூச்சு செல்லும் வழியும் அங்கேதான் பிரிகின்றன. ஒழுகும் இரத்தம் மூச்சுக்குழலில் இறங்கினால் நொடிகளில் ஆபத்து. வயிற்றில் இறங்கினாலோ யாருக்கும் தெரியாமலே உடல் வெறுமையாகும். இருபது கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் இரத்தம் மொத்தமே ஒன்றரை லிட்டர் அளவுதான். நமக்கு ஒரு காப்பித் தம்ளர் அளவாகத் தெரியும் இரத்தம், அக்குழந்தைக்குப் பத்தில் ஒரு பங்கு.

இந்த அச்சம் மிகப் பழமையானது. உள்நாக்கை அறுப்பதைப் பற்றிப் பேசும் சுசுருத சம்ஹிதை, அளவு மீறி அறுத்தால் இரத்தம் பெருகி உயிருக்கே கேடு வரும் என்று எச்சரிக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமையர் செல்சஸ், தொண்டைச் சதையை விரலால் நெகிழ்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் காடியால் கழுவி, இரத்தத்தைக் குறைக்கும் மருந்தைப் பூசும்படி எழுதிவைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த பிலிப் சிங் பிசிக், சதையை ஒரே வெட்டில் துண்டிக்கும் கருவி ஒன்றை அமைத்தார். பின்னர் கில்லட்டின் என்ற பெயரிலேயே அத்தகைய கருவிகள் பரவின. சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். ஆனால் வேகத்தைக் கொடுத்த அக்கருவிகளால், வெட்டிய இடத்தில் பெருகும் இரத்தத்துக்கு விடை சொல்ல இயலவில்லை. இருபதாம் நூற்றாண்டில்தான், சதையை அதன் உறையோடு பொறுமையாகப் பிரித்தெடுத்து, இரத்தம் கசியும் ஒவ்வொரு குழாயையும் தேடிப் பிடித்து நூலால் கட்டும் முறை நிலைபெற்றது.

1978 ஆம் ஆண்டில் நான் இத்துறையில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, என் பேராசிரியர் எங்களுக்குக் கற்பித்ததும் அந்த முறையையே. குழந்தை மயக்க நிலையில் மல்லாந்து கிடக்கும். தோள்களுக்கு அடியில் சிறு தலையணை வைத்துத் தலையைப் பின்னோக்கிச் சாய்த்திருப்போம். ஒழுகும் இரத்தம் மூச்சுக்குழலை நாடாமல், மூக்கின் பின்புறப் பள்ளத்தில் தேங்குவதற்காகவே அந்த ஏற்பாடு. வாயைத் திறந்து நிறுத்தும் கருவியைப் பொருத்திவிட்டு, மருத்துவர் குழந்தையின் தலைமாட்டில் அமர்வார். அவருக்கு எல்லாமே தலைகீழாகத் தெரியும்.

ஒரு பக்கத்துச் சதையை எடுத்த உடனே, மடித்த காஸ் துணியை அந்தக் குழியில் வைத்து அழுத்தச் சொல்வார் பேராசிரியர். அழுத்தியபின் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். ஐந்து நிமிடம். நடுவில் எடுத்துப் பார்க்க ஆவல் உந்தும். எடுத்தால் மீண்டும் முதலிலிருந்து ஐந்து நிமிடம். "துடைப்பது வேறு, அழுத்துவது வேறு. துடைத்தால் உறையத் தொடங்கியதையும் சேர்த்துப் பெயர்க்கிறாய்" என்பார். நுண்ணிய குழாய்கள் அந்த ஐந்து நிமிடத்தில் தாமே சுருங்கி அடங்கிவிடும். துணியை எடுத்த பிறகும் எது கசிகிறதோ, அதுவே நாம் கட்ட வேண்டிய குழாய். அதன் வாயை நீண்ட இடுக்கியால் பற்றி, பட்டு நூலைச் சுற்றி, முடிச்சை ஒரு தள்ளுகோலால் தொண்டையின் ஆழத்துக்கு நகர்த்தி இறுக்க வேண்டும். இழுப்பு மிகுந்தால் திசு கிழியும். தளர்ந்தால் முடிச்சு வழுக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு அவர் இரண்டு செயல்களை வற்புறுத்துவார். முதலாவது, வாயைத் திறந்து நிறுத்திய கருவியைச் சற்று நேரம் தளர்த்திவிட்டு, மீண்டும் திறந்து பார்ப்பது. அக்கருவியின் இழுவிசையே சில குழாய்களை நசுக்கி மூடி வைத்திருக்கும். தளர்த்திய பிறகுதான் அவை தம் இயல்பைக் காட்டும். இரண்டாவது, உள்நாக்கின் பின்னால் மூக்கின் பள்ளத்தில் இரத்தக்கட்டி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்து உறிஞ்சி எடுப்பது. அந்தக் கட்டிக்கு மேனாட்டு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர், மரண விசாரணை அதிகாரியின் கட்டி. குழந்தையின் மயக்கம் தெளியும் வேளையில் அது நழுவி மூச்சுக்குழலை அடைத்துவிட்டால், அதைக் கண்டுபிடிப்பவர் மரண விசாரணை செய்பவராகத்தான் இருப்பார் என்பது அப்பெயரின் பொருள்.

இவ்வளவும் கற்றுத் தேர்ந்துதான் நான் கடலோரச் சிறுநகரம் ஒன்றின் மருத்துவமனையில் பணியில் சேர்ந்தேன். கற்றது குறையவில்லை, கை பழகப் பழக, பொறுமைதான் குறைந்தது. ஒரு குழந்தைக்கு இருபது நிமிடம் என்று பெயரெடுத்தேன். பள்ளி விடுமுறை நாள்களில் காலையிலேயே நான்கைந்து பிள்ளைகள் வரிசையில் இருப்பார்கள். ஐந்து நிமிடம் இரண்டாயிற்று. தளர்த்திப் பார்ப்பது, சந்தேகம் வந்தால் மட்டும் செய்வதாயிற்று. எதுவும் நேரவில்லை. எதுவும் நேராததையே என் திறமைக்குச் சான்றாகக் கொண்டேன்.

1984 ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்படியொரு காலை. ஐந்து பேரில் மூன்றாவதாக வந்தவள் ஏழு வயதுச் சிறுமி. தந்தை கடல்தொழிலுக்குப் போயிருந்தார். தாய் மட்டுமே உடன் வந்திருந்தார். அந்த அம்மாவும் அதே கேள்வியைக் கேட்டார். நானும் அதே விடையைச் சொன்னேன். அறுவை நன்றாகவே நடந்தது. கீழ்முனைத் தமனியைக் கட்டினேன், ஒருமுறை பார்த்தேன், குழி உலர்ந்திருந்தது. தளர்த்தி மீண்டும் பார்க்கவில்லை. அடுத்த குழந்தை வெளியே அழுதுகொண்டிருந்தது.

இரவு எட்டு மணிக்கு விடுதியைச் சுற்றி வந்தபோது அந்தத் தாய் எழுந்து நின்று சொன்னார்: "ஐயா, பிள்ள உறக்கத்துல என்னத்தையோ விழுங்கிக்கிட்டே கெடக்காய்யா."

நான் சிறுமியைப் பார்த்தேன். ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதட்டிலோ தலையணையிலோ இரத்தம் இல்லை. "எச்சில்தாம்மா. தொண்டையில புண் இருக்குல்ல, அப்படித்தான் இருக்கும். தூங்குற பிள்ளையை எழுப்பாதீங்க" என்றேன். என் சட்டைப் பையில் கைவிளக்கு இருந்தது. அதை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் உணவருந்தி உறங்கச் சென்றேன்.

தொண்டைச் சதை எடுத்த குழந்தை, தொண்டை வலியால் எச்சிலைக்கூட விழுங்கத் தயங்கும். அப்படியிருக்க, உறக்கத்திலும் ஒரு குழந்தை ஓயாமல் விழுங்குகிறது என்றால், விழுங்குவதற்கு அங்கே ஏதோ ஊறிக்கொண்டிருக்கிறது என்றே பொருள். இதை நான் பாடநூலில் படித்திருந்தேன், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருந்தேன். பாடநூலைத் திறந்தே பாராத ஒரு தாய், தன் கண்ணால் கண்டு என்னிடம் சொன்னபோது, எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

இரவு பதினொன்றரை மணிக்கு மருத்துவமனை ஊழியர் ஒருவர் மிதிவண்டியில் வந்து கதவைத் தட்டினார். இரவுப் பணியில் இருந்த செவிலியரின் துண்டுச் சீட்டு: "மூன்றாம் கட்டில் குழந்தை. நிமிடத்துக்கு ஐந்து முறை விழுங்குகிறாள். நாடி 136. உடனே வரவும்." மாலையில் நாடி தொண்ணூற்றெட்டு. குழந்தையின் உடல் இரத்தத்தை இழக்கும்போது முதலில் நாடிதான் விரையும். இரத்த அழுத்தம் கடைசி வரை தாங்கி நின்றுவிட்டு, பிறகு திடீரென்று விழும். அழுத்தம் விழும் வரை காத்திருப்பவர் காலம் கடந்தே விழித்துக்கொள்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது சிறுமி வெளிறியிருந்தாள். கை குளிர்ந்திருந்தது. அவளைத் தூக்கிய அசைவில் காப்பித்தூள் நிறத்தில் வாந்தியெடுத்தாள். அத்தனையும் அவள் மாலை முதல் விழுங்கிய இரத்தம். அதன் பிறகு நாங்கள் யாரும் பேசவில்லை. செவிலியர் சிரையில் ஊசியேற்றி உப்புநீரைத் திறந்துவிட்டார். இரத்தப் பிரிவு பொருந்திய இரவுக் காவலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து படுத்தார். மயக்க மருத்துவருக்கு அது என்னுடையதைவிடக் கடினமான வேலை. வயிறு நிறைய இரத்தம், தொண்டையிலும் இரத்தம், அதற்கிடையில் மூச்சுக்குழலின் வாயைக் கண்டுபிடித்துக் குழாய் செலுத்த வேண்டும். இரண்டு உறிஞ்சு குழாய்களை வைத்துக்கொண்டு அவர் அதைச் செய்தார்.

வாயைத் திறந்தேன். இடது குழியில் இரத்தம் பெரிய கட்டியாக உறைந்து நிரம்பியிருந்தது. உறைவுதான் இரத்தத்தை நிறுத்தும் என்று நாம் நினைக்கிறோம். இந்த இடத்தில் அது நேர்மாறு. குழி முழுவதும் அடைத்துக்கொண்ட கட்டி, சுற்றியுள்ள தசையைச் சுருங்க விடுவதில்லை. தசை சுருங்காததால் குழாயின் வாயும் மூடுவதில்லை. மேலே உறைந்திருக்க, அடியில் கசிந்துகொண்டே இருக்கும். கட்டியை உறிஞ்சி எடுத்ததும், கீழ்முனையில் ஒரு சிறு துளி எழுந்து, நிறைந்து, வழிந்தது. காலையில் நான் கட்டிய முடிச்சு வழுக்கியிருந்தது. மயக்கத்தில் தாழ்ந்திருந்த இரத்த அழுத்தம் விழித்த பிறகு உயர்ந்தபோது, அது தாங்கவில்லை.

துணியை வைத்து அழுத்தினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம். என் வாழ்நாளில் அதைவிட நீண்ட ஐந்து நிமிடத்தை நான் அறியேன். ஒரு குழந்தையின் உயிர் என் இரண்டு விரல்களின் அழுத்தத்துக்குக் கீழே துடித்துக்கொண்டிருக்க, செய்யக்கூடியது வேறொன்றும் இல்லாமல் அசையாதிருப்பது எவ்வளவு கடினம் என்பதை அன்று கற்றேன். பிறகு துணியை எடுத்து, அந்தக் குழாயைப் பற்றி, இருமுறை கட்டினேன். கருவியைத் தளர்த்திக் காத்திருந்து மீண்டும் பார்த்தேன். மறுபடியும் தளர்த்தி, மறுபடியும் பார்த்தேன். உள்நாக்கின் பின்னால் தேடினேன். வெளியே வந்தபோது மணி மூன்று. தாய் வாசற்படியில் அமர்ந்திருந்தார். "நின்னுட்டுதும்மா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தலையசைத்தார். விடியும் வரை அச்சிறுமியின் கட்டிலருகே ஒரு நாற்காலியில் அமர்ந்து, அவள் தொண்டை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்புறத்தில் அவள் தாயும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு கண்டம் மிஞ்சியிருந்தது. அறுவை முடிந்து ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை, புண்ணை மூடியிருக்கும் வெள்ளைப் படலம் உதிரும். அப்போது மீண்டும் இரத்தம் வரக்கூடும். அதைச் சீழ் என்று எண்ணித் தாய்மார் கலங்குவதுண்டு. அது சீழ் அன்று, புண் ஆறும்போது இயல்பாக உருவாகும் படலம். வலிக்குப் பயந்து பட்டினி கிடக்காமல், மென்று விழுங்கித் தொண்டைத் தசைகளை இயக்கும் பிள்ளைகளுக்குப் புண் நன்கு ஆறும் என்பதே எங்கள் அனுபவம். இவற்றையெல்லாம் அந்த அம்மாவிடம் முதன்முறையாக உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன்.

பத்தாம் நாள் மகளோடு வந்தார். தொண்டை தெளிவாக இருந்தது. அப்போதுதான் என் மனத்தை உறுத்திக்கொண்டிருந்ததைச் சொன்னேன். "அன்னைக்கி ராத்திரி நீங்க சொன்னப்பவே நான் பாத்திருக்கணும்மா. பாக்காம போனது என் தப்பு."

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நடந்ததைச் சொல்வதுபோலவே சொன்னார்: "நீங்க கேக்கலன்னுதான்யா நான் அந்த நர்சம்மாகிட்ட போயிச் சொன்னேன். அவுகதான் பக்கத்துல இருந்து எண்ணிப் பாத்தாக."

செவிலியரின் விழிப்பே அந்தக் குழந்தையைக் காத்தது என்று அதுவரை எண்ணியிருந்தேன். அந்த விழிப்புக்கும் முன்னால் ஒரு சொல் இருந்தது. என்னிடம் முதலில் வந்து, நான் வாங்காமல் விட்டதால், இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்த சொல் அது. செவிலியர் கேட்டார், நம்பினார், எண்ணினார். நான் கேட்டேன், விளக்கம் சொன்னேன், போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நான் பணியாற்றிய ஆண்டுகளில் கருவிகள் வெகுவாக மாறின. 1926 இல் பாஸ்டன் நகரில் ஹார்வி குஷிங் என்னும் மூளை அறுவை வல்லுநர், வில்லியம் போவி அமைத்த மின்கருவியால் இரத்தக் குழாய்களைச் சுட்டு அடைத்துக் காட்டினார். அதன் வழிவந்த டயாதெர்மி எங்கள் சிறு மருத்துவமனைக்கும் வந்தது. பின்னர், உப்புநீரின் வழியே மின்னாற்றலைச் செலுத்தித் திசுவைக் கரைக்கும் கோப்ளேஷன் முறை பரவிற்று. 1962 இல் ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ என்ற பெண் ஆய்வாளரும் அவருடைய கணவரும் கண்டறிந்த டிரனெக்சாமிக் அமிலம், உறைந்த இரத்தம் மீண்டும் கரைவதைத் தடுத்து இன்று பலருக்கு உதவுகிறது. அறுவை மேசையில் வழியும் இரத்தம் இவற்றால் பெரிதும் குறைந்துவிட்டது.

எனினும் 2003, 2004 ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் ஏறத்தாழ 34,000 பேரைத் தொடர்ந்து கவனித்து நடத்திய ஆய்வு, என்னைச் சிந்திக்க வைத்தது. நூற்றுக்கு மூவர் அல்லது நால்வருக்குப் பின்னர் இரத்தம் வந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர் மீண்டும் அறுவை அரங்குக்குச் செல்ல நேர்ந்தது. வெப்பக் கருவிகளைக் கொண்டு அறுத்தவர்களிடம் இது, எஃகுக் கருவியாலும் நூலாலும் முடித்தவர்களைவிட மிகுதியாக இருந்தது. மேசையில் இரத்தத்தைக் குறைத்த கருவி, வீட்டில் அதை முற்றிலும் நிறுத்திவிடவில்லை. ஆகவே எந்தக் கருவி வந்தாலும், கட்டிலருகே அமர்ந்து பார்க்கும் கண்ணுக்கு ஓய்வு கிடையாது.

அந்த மே மாதத்துக்குப் பிறகு, "ஒரு கரண்டி இரத்தம்கூடப் போகாது" என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. "இரத்தம் ரொம்பப் போகுமா, ஐயா?" என்று கேட்ட தாயை முதலில் அமரச் செய்வேன். பல் பிடுங்கியபோது இரத்தம் நெடுநேரம் நின்றதா இல்லையா, மூக்கில் அடிக்கடி இரத்தம் வருமா, குடும்பத்தில் யாருக்கேனும் சிறு காயத்துக்கும் இரத்தம் நிற்காத இயல்பு உண்டா, அண்மையில் ஆஸ்பிரின் கொடுத்தீர்களா என்று கேட்பேன். ஆய்வுக்கூடச் சோதனைகள் சொல்லாததைப் பாட்டிமார் சொல்லியதுண்டு. பிறகு சொல்வேன்: "கொஞ்சம் போகும். நிறுத்துவதற்கு வழி இருக்கிறது. நான் நிறுத்துவேன். ஆனால் நின்றதா என்று பார்க்க நீங்களும் வேண்டும். பிள்ளை உறக்கத்தில் விழுங்கிக்கொண்டே இருந்தால் உடனே சொல்லுங்கள். நான் கேட்காவிட்டால் செவிலியரிடம் சொல்லுங்கள். அவரும் கேட்காவிட்டால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வீட்டுக்குப் போன பிறகு ஒரு துளி இரத்தம் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்."

பலர் வியப்போடு பார்ப்பார்கள். மருத்துவரே இப்படிச் சொல்கிறாரே என்று சிலர் அஞ்சியதும் உண்டு. அந்த அச்சத்தைப் போக்க நான் சிரித்ததில்லை. சட்டைப் பையிலிருந்து கைவிளக்கை எடுத்து, பிள்ளையின் வாயைத் திறந்து, அதன் ஒளியில் அந்தத் தாயையும் எட்டிப் பார்க்கச் சொல்வேன். எங்கே அறுக்கப் போகிறோம், எங்கே இரத்தம் வரும், நின்ற பிறகு அந்த இடம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவேன். இரவில் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறவர் அவர்தான் அல்லவா?